நின்றுவிட்டதாக நீ எழுதிய சக்கரம்

தினேஷ்,

உன் கல்யாண வேலை கழுத்தளவு கிடக்கும்போது அம்மா உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளில் பாதி இன்னும் பாக்கி, பந்தல்காரர் காலையிலிருந்து போன் மேல் போன், உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு, "இன்னா எழுதிகினே கீற, பொடவ எடுக்கப் போவணும்னு நீதான சொன்ன" என்று முணுமுணுக்கிறார். இருந்தாலும் இதை எழுதியாக வேண்டும். போனில் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. எழுதினால் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னை மாதிரி புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நான் பயந்துபோயிருக்கிறேன், தினேஷ். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்னலூர்ப் பட்டறையில் தகடு வெட்டும் பழைய பவர் பிரஸ்களுக்கு நடுவே இத்தனை வருஷம் வேலை செய்தவள், அவற்றின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கு அளவு கணக்குப் போட்டே உன்னைப் படிக்கவைத்தவள், இந்த வாரம்தான் முதல்முறையாக ஒரு சக்கரத்தைப் பார்க்கப் பயந்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, உன் சித்தி கல்யாணம் சுங்குவார்சத்திரத்தில் நடந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தோம், கரண்ட் போனது, ஜெனரேட்டர் போட்டார்கள். வந்த வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் துடிப்பது போலத் தெரிந்தது. நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எல்லார் மூஞ்சியும் ஆடுதும்மா" என்று அழ ஆரம்பித்தாய். நான் உன்னைச் சமாதானப்படுத்தியது கதை சொல்லி அல்ல. எஞ்சினுக்குள் எண்ணெய் வெடித்துத் தள்ளும்போது வேகம் ஏறும், அடுத்த வெடிப்பு வரும்வரை இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தைத் தன் கனத்துக்குள் வாங்கி மறைத்துக்கொள்ளத்தான் பின்னால் ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது, இந்த ஜெனரேட்டருக்கு அதைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு, "எவ்ளோ சின்னதா?" என்று கேட்டாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, "கெட்டுது போ, இதுவும் உன்ன மாரியே வந்துட்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எதைப் பார்த்துப் பயமாக இருந்தாலும் அது எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்று கேள், அளந்துவிட்டால் பயம் போய்விடும் என்று அன்று சொன்னேன். அதை நீ இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாய். அந்த வார்த்தையைத்தான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாயே, உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரகடத்தில் உன் பிரஸ் ஷாப்பில் டையை, தகட்டை வெட்டும் அந்த அச்சை, மாற்றும்போது மோட்டாரை நிறுத்திய பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது முழுக்க நிற்கும்வரை யாரும் கையை உள்ளே விடக்கூடாது என்பது பழைய விதி, அந்தக் காத்திருப்பில் ஒவ்வொரு ஷிப்டிலும் எவ்வளவோ நேரம் வீணாகிறது என்றாய். அதற்கு நீ போட்ட கணக்கை நான் வரி வரியாகப் பார்த்தேன். பிரஸ் ஒரு அடி அடிக்கும்போது தகட்டை வெட்டத் தேவையான வேலை இவ்வளவு. அந்த நொடியில் மோட்டாரால் அதில் கொஞ்சம்தான் கொடுக்க முடியும், மீதியைச் சக்கரம் கொடுக்கிறது. சின்ன மோட்டார் போட்டு நாளெல்லாம் மேல்தொட்டியை நிரப்பி, திறக்கும்போது மொத்தமாகக் கொட்டவைப்பது மாதிரி. ஒரு அடிக்குச் சக்கரத்தின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையலாம் என்று வைத்தால், அது இழக்கும் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதை வைத்துத்தான் சக்கரத்தின் கனத்தையும் விட்டத்தையும் முடிவு செய்கிறோம். இதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

நீ அதையே தலைகீழாகத் திருப்பினாய். மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வேகம் மூன்றில் ஒன்று என்றால் சக்தி ஒன்பதில் ஒன்று. ஒரு அடிக்கு ஐந்தில் ஒரு பங்கு வேண்டும், இருப்பதோ ஒன்பதில் ஒரு பங்கு. ஆக, அந்தச் சக்கரத்தால் இனி ஒரு தகட்டைக்கூட வெட்ட முடியாது. பெடல் தவறி அமுங்கினாலும், இறங்கி வெட்டும் பிரஸ்ஸின் தலை பாதியில் சிக்கி நின்றுவிடும். அந்த வேகத்துக்கு வந்ததும் சக்கரம் நின்றுவிட்டதாகவே கொள்ளலாம், டை மாற்றும் வேலையைத் தொடங்கலாம் என்று எழுதியிருந்தாய். காத்திருப்பு பாதியாகிவிடுமாம். உன் மேலாளர் கைகொடுத்தாராம், உன் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்களாம், வரும் திங்கட்கிழமை முதல் ஷிப்டிலிருந்து இதுதான் விதியாம். "எங்கனா தப்பு கீதா பாருமா" என்றாய். நான் தேடினேன். கூட்டல் சரி, பெருக்கல் சரி. "சரியாத்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு உனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறையில் கரண்ட் போனது. உனக்குத் தெரியுமே, எங்கள் கொட்டகையில் கரண்ட் போனால் அந்த அமைதி எப்படி விழும் என்று. கிரைண்டர், லேத், ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்து, வெளியே நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் நின்ற பெரிய பிரஸ்ஸின் சக்கரம் மட்டும் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தகரக் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் ஒவ்வொரு ஆரக்காலாகத் தொட்டுத் தொட்டு விட்டது. பிட்டர் ஏகாம்பரம் டையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே டைமேல் போட்டுவிட்டு, "வாங்க மேடம், டீயாச்சும் குடிக்கலாம்" என்று என் பக்கம் திரும்பினான். நானும் அவனும் பிரஸ்ஸிலிருந்து பத்தடி தள்ளி வந்துவிட்டோம். பெடல் பக்கம் யாருமே இல்லை. முதுகுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சின்னச் சத்தம், கனமான புத்தகத்தை மூடினால் கேட்குமே, அதுமாதிரி. திரும்பிப் பார்த்தோம். பிரஸ்ஸின் தலை கீழே இறங்கி, நாங்கள் பார்க்கப் பார்க்க நிதானமாக மேலே ஏறித் தன் இடத்தில் போய் நின்றது.

துணியின் நடுவில் வட்டமாக ஓட்டை. வெட்டுப்பட்ட வட்டத் துணி டைக்குக் கீழே கிடந்தது, விளிம்பில் ஒரு நூல்கூடப் பிரியாமல்.

ஏகாம்பரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "கரண்டே இல்ல மேடம். கரண்டே இல்லாம இன்னாது இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டணும், பூசணிக்காய் உடைக்கணும், போன வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் விட்டது தப்பு என்றான். நான் அவனை அதட்டிவிட்டு, சக்கரம் முழுக்க நின்றபிறகு, தலைக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, கிளட்சைப் பிரித்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தலையோடு இணைக்கும் சாவியைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. சக்கரம் சுற்றும் அதிர்வில் சாவி தானாக விழுந்து மாட்டியிருக்கிறது, தலை ஒரு முறை இறங்கி ஏறியிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது. அவனிடம் ஸ்பிரிங்கைக் காட்டினேன். அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்குத்தான் போனது. பேய் பிசாசாக இருந்திருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தோடு முடிந்திருக்கும், தினேஷ். தளர்ந்த ஸ்பிரிங் எந்தப் பிரஸ்ஸில் இல்லை? அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் துணிதான் கண்ணில் நின்றது. தலை இறங்கிய நேரத்தில் சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதும்.

புதன்கிழமை சாயங்காலம் உன் மச்சான் லோகு வந்திருந்தான், தன் தங்கை பவானியின் வளையல் அளவைக் கொடுத்துவிட்டுப் போக. பெண்ணின் அண்ணனுக்கு மேடையில் நாம் மோதிரம் போட வேண்டுமே, தட்டாருக்குச் சொல்ல அவன் விரலையும் அளந்துகொள்ளலாம் என்று உட்காரவைத்தேன். வெள்ளை நூலை எடுத்து மோதிர விரலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். உன் ஷாப்பிலேயே டை மாற்றுகிற டைசெட்டர் அவன், அந்தக் கை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ், விரல் முழுக்கத் தகடு கிழித்த கோடு. ஆனால் பத்து விரலும் இருந்தன. இந்தப் பக்கத்தில் அவன் வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அப்படி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "திங்கக்கெழம மாப்ள ரூல்ல மொத டை நாந்தான் மாத்தறேன் அத்த. மத்தவனுங்க யோசிக்கறானுங்க. மாப்ள போட்ட கணக்கு, நானே மொதல்ல கைய வெக்கிறேன்னு சொல்லிட்டேன்."

என் கையில் இருந்த நூல் வளையத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் காபி குடித்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆன பிறகும்தான்.

உனக்குப் போன் செய்தேன். நீ ஷாப்பில் மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாய், பின்னால் ஒரே இரைச்சல். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்றேன். "எதும்மா இடிக்குது? நீயே பாத்துட்டு சரின்னு சொன்ன. எந்த ஸ்டெப்னு சொல்லு, மாத்திக்கிறேன்" என்றாய். எந்த ஸ்டெப் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "பயத்துக்கெல்லாம் யூனிட் கிடையாதும்மா, கல்யாண டென்ஷன் உனக்கு" என்று சிரித்தாய். அது என் பேச்சு, நான் கற்றுக்கொடுத்த பேச்சு. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பிறகு மறுபடி உன் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த இடம் தெரிந்தது. நீ தப்பாக எதையும் போடவில்லை. தலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற இடத்தில் எஃகுத் தகடு என்று போட்டிருக்கிறாய். டை மாற்றும்போது அங்கே தகடு ஏது? லோகுவின் கைதானே இருக்கும்? ஒரு அடிக்கு வேண்டிய சக்தி இல்லை என்கிறாய். தகட்டுக்கு இல்லை. நான் தகட்டை எடுத்துவிட்டு விரலை வைத்துக் கணக்குப் போட்டேன். மகனே, ஒரு தாய் போடக்கூடிய கணக்கு இல்லை அது. எலும்பின் தடிமன், தசையின் பலம் என்று ஒவ்வொன்றாக எழுதி, நூல் வளையத்தை ஸ்கேலில் வைத்து அளந்து விட்டம் எழுதினேன். விடை வந்தது. உன் சக்கரத்தில் மிச்சம் இருப்பதில் நூறில் இரண்டு மூன்று பங்கு போதும். நீ நின்றுவிட்டது என்று எழுதிய சக்கரம் ஒரு விரலோடு நிற்காது. இரண்டு கையையும் முழுசாகக் கேட்கும்.

இந்த விடையையும் நீ தாளில் பார்த்தால் "மார்ஜின் எவ்ளோம்மா" என்று கேட்பாய் என்று தெரியும். அதனால் இன்று காலை பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை நீ வருவாயே, பாயா வைக்கலாம் என்று வாங்கிய ஆட்டுக்கால் பையில் இருந்தது. உன் அப்பா, "பட்றைக்கு ஆட்டுக்கால் எத்துகினு போற, இன்னா ஆச்சி உனுக்கு?" என்று கேட்டார், நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதே பிரஸ்ஸில் ஏகாம்பரம் புது ஸ்பிரிங் போட்டிருந்தான். மோட்டாரை ஓட்டினோம், நிறுத்தினோம். நீ எழுதிய வேகத்துக்கு வரும்வரை வேகம் காட்டும் டேக்கோமீட்டரோடு காத்திருந்தேன். சக்கரம் அவ்வளவு மெதுவாக வந்துவிட்டது, அதன் விளிம்பில் வார்ப்பில் இருக்கும் எழுத்துகளை என்னால் வாசிக்க முடிந்தது. பார்த்தால் யாருக்கும் கையை வைக்கலாம் என்றுதான் தோன்றும். எனக்கே தோன்றியது. அதுதான் இதில் இருக்கிற பயங்கரம், அது நம்மைக் கூப்பிடுகிறது. சக்கரம் நிற்கும்போதே டைக்கு நடுவில் ஆட்டுக்காலைக் கட்டி வைத்திருந்தோம். லோகுவின் நூல் வளையம் அந்த எலும்பில் ஏறவில்லை, அவ்வளவு தடிமன். தூரத்தில் நின்று பெடலில் கட்டிய கயிற்றை இழுத்தேன்.

தலை இறங்கியது. அவசரமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் படி இறங்குவது போல இறங்கியது. கால் இரண்டாகி விழுந்தது. தலை மேலே போய் நின்றது. ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் டேக்கோமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். அடிக்கு முன்னும் பின்னும் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று கால் வாங்கியிருந்தேன், மூன்றையும் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எலும்பு வெட்டுப்பட்டது, சக்கரம் அதை உணரவே இல்லை. ஏற்ற இறக்கம் என்று எழுதவேண்டிய இடத்தில் எழுத ஒன்றுமில்லை. உனக்குச் சின்ன வயதில் என்ன சொன்னேன்? அளந்துவிட்டால் பயம் போய்விடும் என்றேன். நான் அளந்துவிட்டேன், தினேஷ். பயம் போகவில்லை, பெரிதாகிவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த வட்டாரத்தில் யார் செய்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். நாள் முழுக்கத் தகடு, தகடு என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தலைக்கு அடியில் வேறொன்று இருக்கும் என்று தோன்றாது. நானே ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுச் சரி என்றேனே. நீ புத்திசாலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தப் புத்தியை உன்னை நம்பிக் கையை வைக்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பு என்கிறேன். நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சக்கரத்துக்கு ஒரு பிரேக் போடச் சொல், அதற்கு எவ்வளவு பெரிய பிரேக் வேண்டும் என்று நானும் நீயுமாக உட்கார்ந்து கணக்குப் போடலாம். அதுவரை சக்கரம் முழுக்க நிற்கட்டும், தலைக்கு அடியில் முட்டு நிற்கட்டும், மெயின் சுவிட்சைப் பூட்டிய சாவி கையை உள்ளே விடுகிறவன் பையில் இருக்கட்டும். போட்டோவை போர்டிலிருந்து எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். நான் உன்னை நிறைய போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

லோகுவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், "மாப்ள சொன்னா சரியாத்தான் அத்த இருக்கும்" என்பான். அவனுக்கு அது மரியாதை. அவன் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் மேல் அவன் வைத்திருக்கிற மரியாதை அவன் கையில்தான் இருக்கிறது, அந்தக் கையைத்தான் அவன் உள்ளே விடப் போகிறான். அதனால் நிறுத்த வேண்டியவன் நீதான். நாளை சாயங்காலத்துக்குள் அந்த விதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக உன் வாயால் எனக்குச் சொல். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை முதல் ஷிப்ட் பஸ் வரும்போது உன் கம்பெனி வாசலில் நான் நிற்பேன், கையில் அந்த ஆட்டுக்கால் பையோடு. செக்யூரிட்டி விரட்டினாலும் போக மாட்டேன். உன் அப்பாவிடம் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் வரேன்" என்றார்.

இந்தக் கடிதத்தை ஏகாம்பரம் இன்று ராத்திரியே உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பான். நாளைக்கு நீ வரும்போது பாயா இருக்காது. மூன்று காலும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன, ஆறு துண்டாக. எடுத்துப் பார், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று. பார்த்த பிறகு மேலாளருக்குப் போன் செய். தட்டார் மத்தியானமே ஆள் அனுப்பி மோதிர அளவு கேட்டார், நாளைக்குத் தருகிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நூல் வளையம் இதோ இந்தத் தாளின்மேல்தான் இருக்கிறது. ஃபேன் காற்றில் கொஞ்சம் நகர்கிறது, நான் விரலால் பிடித்துப் பிடித்து வைக்கிறேன். உள்ளே விரல் இல்லாத அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் தட்டாருக்கு ஒரு அளவு சொல்ல முடியாது. நீ பேசிய பிறகுதான் சொல்வேன்.

அம்மா